கரூருக்கு ஆறு டிக்கெட்

என் வாயில் நேராக வராத ஊருக்குத்தான் என் மகளைக் கட்டிக் கொடுத்தேன். ஊர் கரூர். எனக்குப் பேச்சுத் திக்கும். எல்லா எழுத்திலும் இல்லை, ‘க’வில்தான் அதிகம். அது தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டால் பின்னால் இருப்பது எதுவும் வெளியே வராது. கழுத்து நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும், எதிரே நிற்பவர் பாவம் என்று வேறு பக்கம் பார்ப்பார். அவர் பார்வையைத் திருப்புவதுதான் எனக்கு அதைவிடக் கஷ்டம்.

மலைமேல் செம்மநத்தத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பி. காப்பி விளைவிக்கிறவனுக்குக் காப்பி என்று சொல்ல வராது. வியாபாரியிடம் “பழம் இருக்குதுங்க” என்பேன், அவர் புரிந்துகொள்வார். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு மாற்றுச் சொல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். எட்டாவதோடு படிப்பை விட்டதும் இதனால்தான். எழுந்து நின்று வாய்விட்டு வாசி என்பார் வாத்தியார். புத்தகத்தில் அச்சாகியிருக்கும் சொல்லுக்கு நான் மாற்றுச் சொல் போட முடியாதே. கோயிலில் கூட்டத்தோடு பஜனை பாடும்போது மட்டும் ஒரு எழுத்தும் சிக்காது, சொல் தண்ணீராக ஓடும். அதை நினைத்துக்கொண்டு என் மனைவி ஒரு தடவை யோசனை சொன்னாள், ஊர்ப் பெயரையும் பாட்டாகப் பாடிவிடுங்கள் என்று. ரயில்வே கவுண்டர் முன்னால் நின்று கரூருக்கு ராகம் போட்டால் டிக்கெட் வராது, போலீஸ்தான் வரும் என்றேன்.

மலை பஸ்ஸில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்று கண்டக்டருக்குத் தெரியும். சேலம் பஸ்ஸிலும் காசை நீட்டினால் டிக்கெட் வந்துவிடும். வளைவெல்லாம் இறங்கி அடிவாரம் தாண்டும் வரை வாயே திறக்க வேண்டியதில்லை. ரயில் டிக்கெட் அப்படியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் “எங்கே?” என்று கேட்பார். ஒரு சொல்தான் கேள்வி, ஒரு சொல்தான் பதில். ஆனால் பின்னால் இருபது பேர் நிற்பார்கள்.

கரூருக்குப் பஸ்ஸிலேயே போகலாமே என்பீர்கள். மலை இறங்கினாலே என் மனைவிக்குத் தலை சுற்றி வாந்தி வரும். அதற்கு மேல் இன்னொரு பஸ்ஸில் ஏற்றினால் கரூரில் அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். ரயிலில் அவளுக்கு ஒன்றும் செய்யாது. ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே வருவாள்.

அதனால் நான் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் வாங்குவேன். ‘தி’ எனக்கு அநேகமாக வந்துவிடும். கரூரைத் தாண்டித்தான் திண்டுக்கல். நடுவில் இறங்கிக்கொண்டால் யார் என்ன கேட்கப் போகிறார்கள். மகளுக்குக் கல்யாணமான முதல் வருடத்தில் மூன்று தடவை திண்டுக்கல் டிக்கெட்டோடு கரூரில் இறங்கினோம். “இத்தனை டிக்கெட்டு எடுத்திருக்கோம், ஒருக்காவாவது அந்த ஊரு எப்படி இருக்குதுன்னு பாத்துப்போட்டு வந்தர்லாமுங்க” என்று மனைவி கேலி செய்வாள்.

சம்பந்தி வீட்டுக்கு என் திக்குவாய் தெரியாது. தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்தபோது பேச்செல்லாம் என் மச்சான், மனைவியின் அண்ணன், பேசினார். நான் வாங்க, உக்காருங்க, சரிங்க, ஆகட்டுங்க என்ற நாலே நாலு சொல்லை வைத்து ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்தேன். பெண்ணோட அப்பா நொம்ப அமைதியான மனுசர் என்று சம்பந்தி ஊரில் போய்ச் சொன்னாராம். எனக்கு வேறு வழி தெரியவில்லை. தாத்தனுக்கு இருப்பது பேரனுக்கும் வரும் என்று யாராவது ஒருவர் கிளப்பிவிட்டால் போதும், என் மகளுக்கு அந்த இடம் இல்லாமல் போய்விடும். மகள் தன் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மருமகன் தங்கமானவர், வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் கவுண்டரில் ‘தி’யும் அடைத்துக்கொண்டது. பின்னால் இருந்தவர் முதுகில் தட்டுகிறார். அந்த அவசரத்தில் வாயில் வந்து விழுந்தது நாமக்கல். வாங்கிவிட்டேன். நாமக்கல்லில் இறங்கி அங்கிருந்து கொஞ்ச தூரம்தானே, மனைவியைத் தைரியப்படுத்தி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாமக்கல் வந்தபோது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. அங்கேதான் என் மலைப் புத்தி வேலை செய்தது. எங்கள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனால் கண்டக்டரிடம் மீதியைக் கொடுத்தால் போதும், இன்னொரு டிக்கெட் தருவார். ரயிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கரூரில் இறங்கியதும் நானாகவே டிக்கெட் பரிசோதகரைத் தேடிப் போய், டிக்கெட்டையும் கொஞ்சம் பணத்தையும் நீட்டினேன்.

எங்கே ஏறினீர்கள், ஏன் நாமக்கல்லோடு டிக்கெட் வாங்கினீர்கள் என்று அவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். என்னிடம் பதிலும் இருந்தது. மனசில் வரிவரியாக இருந்தது, வாயில் ஒரு எழுத்து வரவில்லை. பதில் சொல்லாமல் விழிக்கிறவனை அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார்? சட்டப்படி அபராதம் எழுதினார். நான் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, எங்களை அழைத்துப் போக வந்திருந்த சம்பந்தி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இலை போட்டு, பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். ஆனால் அன்று நாங்கள் கிளம்பும்போது அவரே முன்னால் போய் எங்கள் இரண்டு பேருக்கும் சேலத்துக்கு டிக்கெட் வாங்கி வந்து, என் சட்டைப் பையில் வைத்து, “பத்திரமா வெச்சுக்கங்க சம்பந்தி” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தார். மரியாதையாகத்தான் செய்தார். டிக்கெட் வாங்காமல் ஏறுகிறவன் என்று நினைத்துவிட்டு இத்தனை மரியாதையாக நடத்துகிறாரே என்று எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். ரயில் ஏறியதும் மனைவி அழுவாள்.

எங்கள் மலை உச்சிக் குகையில் இருக்கும் சேர்வராயன் சாமியிடம் போய் நின்றேன். அந்தக் குகையில் தலை குனியாமல் உள்ளே போக முடியாது, வாய் திறக்காமல் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். என் வாய்க்கு ஒரு வழி காட்டு, உனக்கு மணி வாங்கிக் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த தடவை ரயில் நிலையத்தில் வழி தெரிந்தது. டிக்கெட் இயந்திரம் அங்கே எத்தனை நாளாக நின்றதோ, அன்றுதான் என் கண்ணில் பட்டது. ஒரு கல்லூரிப் பெண் அதன் முன்னால் போய் நின்றாள். திரையை நாலு தடவை தொட்டாள். டிக்கெட் வந்தது, எடுத்துக்கொண்டு போனாள். அவள் வாயைத் திறக்கவேயில்லை. நான் தூணோரமாக நின்று அவளுக்குப் பிறகு வந்த பத்துப் பேரையும் பார்த்தேன். எல்லாரும் ஊமையாக வந்து ஊமையாகப் போனார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதற்கென்று ஒரு அட்டை உண்டு, பணம் போட்டு வைத்துக்கொள்ளலாம். கவுண்டரில் அட்டையையும் நோட்டையும் நீட்டினால் அவர்களே ஏற்றித் தருவார்கள். அதற்கும் பேச்சு வேண்டாம். திரையில் தமிழும் இருந்தது. முதல் தடவை என் விரலை அது மதிக்கவில்லை. காப்பிப் பழம் பறித்து, மிளகுக் கொடி இழுத்து, நுனி எல்லாம் காய்த்துப் போன விரல். அழுத்திப் பார்த்தேன், துடைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகு விரலை மடக்கி முட்டியால் தொட்டேன், உடனே கேட்டது. கரூர் என்ற பெயரின் மேல் முட்டியை வைத்தேன். இரண்டு பேர். டிக்கெட் கையில் வந்தது. கரூர் என்று பளிச்சென்று அச்சாகியிருந்தது. என் வாழ்க்கையில் கரூருக்கென்றே நான் வாங்கிய முதல் ரயில் டிக்கெட் அது. மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “திண்டுக்கல்லுக்கு ஒரு கும்பிடு” என்றாள்.

அந்த வாரமே மலையேறிப் போய் மணியைக் கட்டினேன். சாமி எனக்குப் பேச்சைத் தரவில்லை, பேச்சு வேண்டாத வழியைத் தந்தது, அதுவே போதும் என்று மனசார நினைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் அந்த இயந்திரத்துக்கு ராஜா. கரூரில் இறங்கியதும் டிக்கெட்டைச் சம்பந்தி கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு வருவேன். அவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். திரும்பும்போது அவர் வாங்கிய டிக்கெட் வழக்கம்போல என் பைக்குள் வரும்.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போக மருமகனும் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மேலே வந்தார்கள். கொண்டு போய் விடுவதற்கு நாங்கள் இருவரும். ஆறு பெரியவர்கள், மடியில் ஒரு பிள்ளை. பிள்ளை பெற்ற மகளைக் கணவர் வீட்டில் கொண்டு போய்ச் சேர்க்கும் வழிச்செலவு எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்களுடையது. அதில் அடுத்தவர் கை பட்டால் எங்களுக்குக் குறை.

கிளம்பும் நேரத்தில் சம்பந்தி எனக்குப் புது வேட்டி சட்டை எடுத்து நீட்டி, கட்டிக்கொண்டு வரச் சொன்னார். கட்டிக்கொண்டேன். குலதெய்வத்தைக் கும்பிட்டு, பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து, கீழே இறங்கி, ரயில் நிலையத்தில் இயந்திரத்தின் முன்னால் போய் நின்று பையில் கை விட்டபோதுதான் தெரிந்தது. பணத்தை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், அட்டை பழைய சட்டையில் இருக்கிறது. பழைய சட்டை செம்மநத்தத்தில் கொடியில் தொங்குகிறது. என்னுடையது பட்டன் போன், அதில் பணம் கட்டவும் வழியில்லை.

ரயிலுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அதை விட்டால் சாயங்காலம்தான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெயிலில் அதுவரை உட்கார முடியாது. சம்பந்தி வந்துவிட்டார். “என்னுங்க சம்பந்தி, மிஷின்ல ஏதாச்சும் தகராறுங்களா? நீங்க உக்காருங்க, நான் என்ற போன்லயே போட்டுடறனுங்க” என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கவுண்டர் வரிசையில் போய் நின்றேன்.

மனைவி பின்னாலேயே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. காதுக்குள் சொன்னாள். “ஏனுங்க, திண்டுக்கல்னே சொல்லிப்போடுங்க. இந்த ஒருக்கா.”

சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு திண்டுக்கல் டிக்கெட்டைச் சம்பந்தி கையில் கொடுத்து என்னவென்று விளக்குவேன்? அதுகூடப் பெரிதில்லை. பேரனை முதன்முதலாக அவன் ஊருக்குக் கொண்டு போகிறேன், அந்த ஊர்ப் பெயரை மறைத்துக்கொண்டு போவதா என்று மனசு முரண்டு பிடித்தது. வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். கண்ணை மூடிக்கொண்டேன். சேர்வராயா, திக்கலை எடுத்துவிடு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. ஓடாமல் நிற்க வை என்று மட்டும் கேட்டேன்.

என் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மா, நெற்றியில் குங்குமம், மூக்குக் கண்ணாடி. எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். ‘க’ வந்து உட்கார்ந்தது. தள்ளினேன். நகரவில்லை. மறுபடி தள்ளினேன். க, க, க என்று அது மட்டும்தான் வந்தது.

வரிசை உதவிக்கு வந்துவிட்டது. காட்பாடியா என்றார் ஒருவர். இல்லை, கோயமுத்தூராகத்தான் இருக்கும், ஆளைப் பார்த்தாலே தெரிகிறது என்றார் இன்னொருவர். கன்னியாகுமரி வரைக்கும் போய்விட்டார் மூன்றாமவர். கடைசியில் நின்றவர், பெரியவருக்குப் போகிற ஊரே மறந்துவிட்டதா என்று சிரித்தார். அதற்குள் சம்பந்தி என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். அவர் வாய் திறந்ததும் நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வரிசையைப் பார்த்து, “அவரே சொல்லட்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். வேறு பக்கம் திரும்பவில்லை. என் கழுத்து நரம்பையும் பிதுங்குகிற கண்ணையும் பார்த்துக்கொண்டு, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்வையைச் சாமிதான் கொடுத்து அனுப்பியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மனைவி பிறகு சொன்னாள், ஒரு சட்டி பால் பொங்குகிற நேரம் என்று. நான் ‘க’வை விட்டுவிட்டு வேறு சொல் தேடவில்லை. அதோடேயே நின்றேன். அது கடைசியில் கல்லாக உருண்டு, இடறி, மூன்று தடவை முட்டி, வெளியே வந்தது.

“க... க... கரூருங்க. ஆறு பேர்.”

‘ஆறு பேர்’ தடையில்லாமல் வந்தது. எனக்கே சத்தம் அதிகமாகக் கேட்டது. அந்த அம்மா ஒன்றும் நடக்காத மாதிரி டிக்கெட்டை அடித்து, சில்லறையோடு தள்ளினார். “ரெண்டாவது பிளாட்பாரம். அவசரமில்ல, வண்டி நிக்குது” என்றார். பின்னால் கன்னியாகுமரிக்காரர், “கரூரு, கரூரு” என்று தலையை ஆட்டிக்கொண்டார், விடை தெரிந்துவிட்ட திருப்தியில்.

நான் திரும்பி நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், சாமி ஊர்வலத்தில் குடை பிடித்து வருகிறவன் மாதிரி வந்தேன். ஊமையாக இயந்திரத்தில் வாங்கிய டிக்கெட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்தாலும் இதற்கு ஈடில்லை. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், நான் மூச்சு வாங்கிக்கொள்ள ஒன்றரை வருடம் கொடுத்தவை அவை. மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் டிக்கெட்டைச் சம்பந்தி கையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

ரயில் கிளம்பி, ஊர்க் கட்டடங்கள் மறைந்தன. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டிருந்தது எதுவோ அது வரப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“அன்னிக்கு நாமக்கல் டிக்கெட்டு” என்று சம்பந்தி ஆரம்பித்தார். பிறகு நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, “அது இதனாலதானுங்களா?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

“நான் வேற மாதிரி நெனச்சுப்போட்டனுங்க சம்பந்தி. ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும். கேக்கலீங்க.”

நான் பேச ஆரம்பித்தேன். மருமகன் எனக்காகச் சொல்ல வாயெடுத்தார், மகள் அவர் தொடையில் தட்டி நிறுத்தினாள். வாத்தியாரில் ஆரம்பித்து, திண்டுக்கல்லைச் சொல்லி, மச்சானை முன்னால் விட்டு நாலு சொல்லில் கல்யாணத்தை முடித்ததைச் சொன்னேன். அதை மறைத்தது தப்பு, பிள்ளைக்கும் இப்படி வந்துவிடுமோ என்று நீங்கள் பயப்படுவீர்கள் என்று மறைத்தேன் என்றும் சொன்னேன். நன்றாகப் பேசுகிறவருக்குப் பத்து நிமிடக் கதை. எனக்கு ராசிபுரம் தாண்டியும் முடியவில்லை. ஒருவரும் என் சொல்லை எடுத்து முடித்து வைக்கவில்லை.

முடித்தபோது சம்பந்தியம்மா பேரனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அவன் வாயை விரலால் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னார். “இங்க பாருங்க அண்ணா, எங்க ஊட்டுக்காரரு வாய மூடி நான் பாத்ததில்ல. தூக்கத்துலயும் பேசுவாரு. இந்தக் குட்டிச் சாமி யாராட்டம் பேசினாலும் பேசட்டும். உங்களாட்டம் பேசினா எனக்குக் காதாவது மிஞ்சுமுங்க.”

சம்பந்தி முதலில் முறைத்தார், பிறகு அவரே சிரித்துவிட்டார். என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். நான் மறுபடி பேசினேன். இந்த வருடம் மிளகு எப்படிக் காய்த்திருக்கிறது என்று சம்பந்தி கேட்டார், சொன்னேன். காட்டெருமை தோட்டத்தில் புகுந்த கதையைச் சொன்னேன். காப்பி என்ற சொல் வரும் இடத்தில் பழம் என்று போடாமல், காப்பி என்றே முட்டி மோதிச் சொன்னேன். மோகனூர் தாண்டி ரயில் காவிரிப் பாலத்தில் ஏறியது. எல்லாரும் எழுந்து ஆற்றைக் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

“ஏனுங்க, இத்தன வருசமா சேத்து வெச்சத இன்னிக்கே கொட்டோணுமுங்களா?” என்றாள் மனைவி.

ஆமா என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டே கரூரில் இறங்கினேன்.